புள்ளியும் உகரமும் திரும்பி வந்தன: ஒரு நன்றி மடல்

நம் கூட்டு வலைப்பதிவில் எழுதுகிறவர்களுக்கும், எழுதாமல் வாசித்து மட்டும் செல்கிறவர்களுக்கும் வணக்கம்.

நேற்றிரவு கடைசிப் பதிவையும் சரிபார்த்து முடித்தேன். அந்த நிம்மதி ஆறுவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். புதிய சேவையகத்துக்கு மாறிய அன்று பக்கங்களைத் திறந்து, பதிவுகளின் தமிழ் எழுத்துகள் சிதைந்து கிடப்பதைப் பார்த்து முதலில் பதறியவர்கள் நீங்கள்தான். பிழை தளத்தைப் பராமரிக்கும் என்னுடையது என்பதையும், காப்புப்படிகளிலும் அதே பழுது ஏறியிருந்தது என்பதையும் அன்றே தெரிவித்துவிட்டேன். ஆகவே அந்தக் கதையை மறுபடியும் விரிக்கப் போவதில்லை. அழிந்தே போயிற்று என்று நான் கைவிட்ட எழுத்துகளை மீட்டுத் தந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் நம் தளத்தில் ஒரு பதிவுகூட எழுதியதில்லை. ஒரு கருத்துகூட இட்டதில்லை. பல ஆண்டுகள் பிழை திருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் என்பது பின்னால்தான் தெரிந்தது. நான்காம் நாள் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பாதி மீட்கப்பட்டும் பாதி சிதைந்தும் இருந்த ஒரு சிறுகதையை அவர் தாளில் அச்சிட்டு, பேனாவால் வட்டமிட்டு, படமெடுத்து அனுப்பியிருந்தார். நான் எண்ணுவதுபோல எல்லா எழுத்தும் போய்விடவில்லை என்றும், போனவை மெய்யின் மேலிருக்கும் புள்ளியும் உகரக் குறியும் சொல்லின் முதலில் வரும் ஏகாரமும் ஐகாரமும் மட்டுமே என்றும் அதில் எழுதியிருந்தார். நிரல் எழுதத் தெரிந்த நான் மூன்று இரவுகள் பைட்டுகளை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களை, வெறித்துப் பார்த்தும் காணாததை, நிரலே அறியாத அவர் ஒரு கதையை வாசித்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதைப் படித்த பிறகுதான் காரணம் எனக்குப் புலப்பட்டது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். நம் பதிவுகள் இருந்த யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் இருப்பதால் அதற்கு 15 பைட். பதிவுகளைப் புதிய சேவையகத்துக்கு மாற்றிய என் நிரல் அந்தப் பைட்டுகளை, ஓர் எழுத்துக்கு ஒரே பைட் கொள்ளும் விண்டோஸ்-1252 என்னும் வேறொரு குறிமுறையாகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. அந்தக் குறிமுறையின் 256 இடங்களில் ஐந்து இடங்களுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. அந்த ஐந்தில் ஒன்றில் முடிகிற குறி வந்தபோதெல்லாம் நிரல் கடைசிப் பைட்டை எறிந்துவிட்டுக் கேள்விக்குறியை வைத்துவிட்டது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறிகளில் அப்படி முடிபவை புள்ளியும் உகரமும் ஏயும் ஐயும்தாம். மற்ற குறிகள் எல்லாம் திருப்பி எடுக்கக்கூடிய நிலையிலேயே இருந்தன.

இதில் ஒரு நல்வாய்ப்பும் இருந்தது. பழுதான ஒவ்வோர் இடத்திலும் முதல் இரண்டு பைட்டுகள் மிஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டே, போனது ‘புள்ளி அல்லது உகரம்’ என்றோ, ‘ஏ அல்லது ஐ’ என்றோ உறுதியாகச் சொல்லிவிட முடிந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டே விடைகள். எது என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. ஆனால் புள்ளி இல்லாத தமிழ் வரி அரிது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பதிவுகளில் இத்தனை இடங்களை யார் உட்கார்ந்து தேர்வது என்று நான் மலைத்து நின்றேன். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இடமாட்டார்கள், அவற்றையும் வாசித்துப் பதிப்பித்தவர்கள் இருந்தார்கள், நாமும் வாசித்துவிடலாம் என்று அவர் பதில் எழுதினார். அடுத்த நாள் இரண்டு பக்கங்களில் தம் கையால் எழுதிய விதிகளை அனுப்பினார்.

அந்த விதிகள் நம்மில் பலர் பள்ளியில் படித்து மறந்தவை. சொல்லின் முதலெழுத்தாக மெய் வராது. ஆகவே முதலெழுத்தில் விட்டுப்போனது உகரமே. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. அதனால் அங்கும் உகரமே, ஆனால் அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் சந்தியாக இருக்கலாம் என்பதால் அந்த இடத்தை மனிதர் பார்க்க வேண்டும். ஙகரத்தின் பின் எப்போதும் புள்ளி. அடுத்தடுத்து இரண்டு மெய்கள் நின்று மூன்றாவதாகவும் ஓர் எழுத்து வந்தால், அந்த முதல் மெய் ய், ர், ழ் ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். வாய்ப்பு, பார்த்து, வாழ்த்து என்று அவற்றுக்கு அவரே எடுத்துக்காட்டும் தந்திருந்தார். கிரிக்கெட், இன்டர்நெட் போன்ற பிறமொழிச் சொற்களுக்கு இவை செல்லா என்று கீழே சிவப்பு மையில் எச்சரித்தும் இருந்தார். அந்த இரண்டு பக்கங்களை நிரலாக்க எனக்கு ஒரு பகல் ஆயிற்று. அன்று மாலை அதை ஓட்டியபோது பக்கம் பக்கமாகப் புள்ளிகள் வந்து அமர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

விதிக்கு அடங்காத இடங்கள் மிச்சம் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கதைகளில் வரும் உரையாடல்கள். ஒரு பாத்திரம் ‘ஊர்’ என்று சொன்னதா, ‘ஊரு’ என்று சொன்னதா. ‘பேர்’ என்றதா, ‘பேரு’ என்றதா என்பதை எந்த இலக்கணமும் சொல்லாது. எல்லாவற்றையும் புள்ளியாக்கிவிடலாம், பொருள் மாறாதே என்று நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிழவி தன் பேச்சில் ‘ஊரு’ என்று சொல்லியிருந்தால் அவள் வாயில் ‘ஊர்’ என்று வைப்பது அவளை வேறொருத்தி ஆக்கிவிடும் என்றார். பிறகு அந்தந்தக் கதையை எழுதியவரின் பழைய கதைகளில் பழுதுபடாமல் தப்பிய சொற்களையெல்லாம் தேடி, அந்த எழுத்தாளர் பேச்சு வழக்கை எங்கே எப்படிக் கையாள்வார் என்று குறிப்பெடுத்துக்கொண்டு, அதன்படி ஒவ்வோர் இடமாக நிரப்பிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் இதைச் செய்தார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது மட்டுமே அவர் கேட்டது, அதை மதிக்கிறேன். அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். மின்னஞ்சலில் வந்த பழைய பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்து அனுப்பியவர்கள், கைப்பேசியில் சேமித்த பக்கங்களைத் தேடித் தந்தவர்கள், சோதனைக்குத் தம் சேவையகத்தில் இடம் கொடுத்தவர், என் நிரலை வரி வரியாகப் படித்துப் பிழை சொன்ன இருவர், கோபப்பட எல்லா உரிமையும் இருந்தும் பொறுமையாகக் காத்திருந்த பதிவர்கள் அனைவருக்கும் நன்றி. உங்கள் சேமிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் விதிகள் சரியாக வேலை செய்கின்றன என்று துணிந்து சொல்ல முடிந்தது.

இத்தனை நாளும் இந்த அமைப்பைப் பராமரிப்பது என்றால் மென்பொருளைப் புதுப்பிப்பதும் வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் என்று எண்ணியிருந்தேன். காப்புப்படி எடுத்தேன், ஒருநாளும் அதைத் திறந்து ஒரு பத்தியை வாசித்துப் பார்த்ததில்லை. வாசித்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். இனி மாதந்தோறும் காப்புப்படியை வேறொரு கணினியில் முழுதாக மீட்டு, எழுந்தமானமாகச் சில பதிவுகளைத் தேர்ந்து, கண்ணால் வாசித்துப் பார்ப்பேன். படிகள் மூன்று, சேமிப்பு ஊடகங்கள் இரண்டு, அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்ற பழைய நியதியையும் கடைப்பிடிப்பேன். எந்தப் பதிவரும் தம் எழுத்து முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியைத்தான் முதலில் செய்து முடிக்கப் போகிறேன். தோற்றத்தை மாற்றும் வேலைகளெல்லாம் அதற்குப் பின்னரே.

அம்மையார் சொற்களைத் தேடியபோது இன்னொரு குறையும் வெளிப்பட்டது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ‘கொடி’ என்று தேடியவர்களுக்குச் சில பதிவுகள் வராமலே போனதற்கு இதுவே காரணம். இப்போது சேமிக்கும் முன்பே எல்லாம் ஒற்றைக் குறியாக ஆக்கப்படுகின்றன. பழைய பதிவுகளும் அவ்வாறே மாற்றப்பட்டுவிட்டன.

இன்னும் தீராத சில இடங்களில் சிறு வட்டக் குறி இட்டிருக்கிறேன். பதிவர்கள் தங்கள் பக்கங்களைப் பார்த்து, தாங்கள் எழுதியது எது என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நம்மை விட்டு மறைந்த ஒரு நண்பரின் கதையிலும் அப்படி ஓரிடம் உண்டு. அங்கே ‘பேர்’ என்றும் வரலாம், ‘பேரு’ என்றும் வரலாம். அவரைக் கேட்க இயலாது, ஊகித்து நிரப்பவும் கூடாது என்று அம்மையார் சொன்னார். அந்த வட்டம் மட்டும் அப்படியே இருக்கும்.