ஜன்னலுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கட்டும் வீட்டின் படங்களை அண்ணனுக்கு அனுப்பியிருந்தாயே, அவன் எனக்குக் காட்டினான். எனக்கும் அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும். எல்லா அறையிலும் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் ஒரே மட்டத்தில் நிற்கிறது. மேஸ்திரியிடம் நீ எப்படி வேலை வாங்கியிருப்பாய் என்று படத்திலேயே தெரிந்தது. மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் ஜன்னலுக்கு இந்த வாரமே ஆர்டர் கொடுக்கப்போகிறாய் என்று அவன் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சுவர் இன்னும் பூசவே இல்லையே பாப்பா! வரைபடத்தில் 1200 மில்லிமீட்டர் என்று இருப்பது கட்டும்போது 1190 ஆகும், 1210 ஆகும். அதன்மேல் பக்கத்துக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர் பூச்சு ஏறும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஓர் அங்குலம் போய்விடும். இப்போது எடுக்கும் அளவு விலை கேட்க மட்டும்தான். பூச்சு முடிந்து, அடியில் சில் கல்லும் பதித்த பிறகு எடுப்பதுதான் செய்யக் கொடுக்க வேண்டிய அளவு. குளியலறையில் டைல்ஸ் ஜன்னலின் ஓரம் வரை மடங்கி வருமென்றால், அதையும் ஒட்டிய பிறகு.

மர நிலை என்றால் சுவர் எழும்பும்போதே நிறுத்திவிடலாம். நீ யுபிவிசி பிளாஸ்டிக் சட்டம் என்று முடிவு செய்தாய், நல்ல முடிவு. சித்தப்பா வீட்டு மர ஜன்னல்கள் மழைக்காலத்தில் படுத்திய பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய்.

அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பார். உயரத்தையும் அப்படியே. குறைந்த அளவைத்தான் எழுத வேண்டும். பிறகு மூலைக்கு மூலை, இரண்டு வாக்கிலும். இரண்டும் ஒத்துவராவிட்டால் கோணல் இருக்கிறது, கொத்தனாரை வைத்துச் சரிசெய். பொருத்துவதற்கு விடும் இடைவெளியை நீ கழிக்காதே, செய்பவர் கழிப்பார். இருவரும் கழித்தால் சந்து பெரிதாகிவிடும். கொசுவலைக்குத் தனித் தடம் வேண்டுமா என்பதையும் முன்பே சொல்லிவிடு.

இதெல்லாம் ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை. டேப்பின் மறுமுனையை ஒருவர் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை கூட இருப்பார்தானே? எந்தப் படத்திலும் அவரைக் காணோம். அவர்தான் எடுத்திருப்பார் என்கிறாள் உன் அம்மா. இருக்கலாம். போனில் பேசும்போதும் ‘நான் பார்த்தேன், நான் சொன்னேன்’ என்றுதான் சொல்கிறாய். உன் சாமர்த்தியத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லாத பிள்ளை நீ.

சரி, ஜன்னலுக்கு வருகிறேன். அளவு கொடுத்துச் சில வாரம் காத்திருக்கத்தான் வேண்டும். அது வீணாகிற நேரம் இல்லை. ஜன்னல் இடங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு உள்ளே பட்டியும் பிரைமரும் முடித்துக்கொள். ஜன்னல் வந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தி, ஓரங்களுக்கு சிலிகோன் பசை போட்டு, அது காய்ந்ததும் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடித்துப் பார். கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு கடைசிக் கோட் பெயிண்ட். சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் தாளை வேலை முடிந்ததும் உரித்துவிடு, வெயிலில் விட்டால் பிசின் பிடித்துக்கொள்ளும்.

மறுபடியும் சொல்கிறேன், பூச்சுக்கு முன் ஆர்டர் வேண்டாம். ஏன் இத்தனை அவசரம்? சீக்கிரம் அங்கே குடி போக வேண்டிய காரணம் ஏதாவது இருந்தால், வீடு முடியும்வரை இங்கே வந்து இரு. உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டோம், அண்ணனிடமும் சொல்லி வைக்கிறேன்.

பூச்சு முடிகிற தேதியைத் தெரிவி. நானும் உன் அம்மாவும் வருகிறோம். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், அளவெடுக்க நான் இருக்கிறேன்.

அப்பா