கழுத்தில் கயிற்றோடு ஒரு மான்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் மகள் வீட்டு முகவரிக்கே வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை சிகிச்சையை இனியும் தள்ளிப்போடாதே. ஊருக்கெல்லாம் மாட்டு வைத்தியம் பார்த்தவனுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்வது? நாங்கள் இருவரும் சுகம். பெருவின் தலைநகரான இந்த லிமாவில்தான் வெயிலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

இங்கே லார்கோ அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1926-இல் ரஃபயேல் லார்கோ தொடங்கியது. காட்சிக்கூடத்தைவிட அதன் கிடங்குதான் அபாரம். பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆந்தை, தவளை, நரி, நண்டு என்று வகை பிரித்து அலமாரி அலமாரியாகக் குடுவைகள். பெரும்பாலும் மோச்சே மக்கள் செய்தவை. பெருவின் வடகரைப் பாலைவனத்தில் ஏறக்குறைய கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள் அவர்கள். குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணை இரண்டு பாதி அச்சுகளில் அழுத்தி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். குடுவையின் மேலே இரண்டு குழாய்கள் வளைந்து எழுந்து ஒன்றாகச் சேர்கின்றன. பிடியும் அதுதான், வாயும் அதுதான்.

என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஒரு மான். சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. உடல் மனித உடல், துணி இல்லை. தலையும் காதுகளும் மட்டும் மானுடையவை. கழுத்தில் கயிறு. இதே கயிறு, இதே நிர்வாணம், மோச்சே ஓவியங்களில் போரில் பிடிபட்ட கைதிகளுக்கும் உண்டு. மான் வேட்டைக் காட்சிகளிலோ வேட்டைக்காரர்கள் தலையணியும் நகைகளுமாகப் போருக்குப் புறப்பட்டவர்களைப் போல நிற்கிறார்கள். வயிற்றுக்காக வேட்டையாடுகிறவன் இப்படியா சிங்காரித்துக்கொண்டு போவான்? வேட்டையும் போரும் அவர்களுக்கு இணையான சடங்குகள் என்கிறார் தொல்லியல் அறிஞர் கிறிஸ்டோபர் டொனன். ஆயிரக்கணக்கான குடுவைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். எழுத்து விட்டுச்செல்லாத மக்களைப் படிக்க வேறு வழியும் இல்லை.

கைதிகளின் கதி என்ன என்பது மண்ணுக்கு அடியிலிருந்தே வந்துவிட்டது. ட்ருஹியோ நகருக்கு அருகே உள்ள உவாக்கா தெ லா லூனா என்ற மோச்சே கோயில் மேட்டில் 1995-இல் தொல்லியலாளர் ஸ்டீவ் பூர்ஜே தோண்டியபோது, பலியிடப்பட்ட ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. பல எலும்புகள் சேற்றில் புதைந்திருந்தன. பாலைவனத்தில் சேறு எப்படி? எல் நினோ ஆண்டுகளில் அங்கே பேய்மழை கொட்டும். கடல் சூடேறி நெத்திலிக் கூட்டம் விலகிப்போகும். அதை நம்பியிருக்கும் கடற்சிங்கங்கள் பட்டினியால் சாகும்.

கடற்சிங்கம் என்றதும் உன் நினைவு வந்தது. அவற்றைத் தடியால் அடித்துக் கொல்லும் மோச்சே காட்சியில், வாயருகே உருண்டையாக ஏதோ வரைந்திருக்கிறார்கள். அது கல்லாம். கடற்சிங்கம் கூழாங்கற்களை விழுங்குமாமே? அதன் வயிற்றுக் கற்களை அந்த வட்டார நாட்டு வைத்தியர்கள் நம் காலத்திலும் மருந்தாக மதித்ததாக டொனன் எழுதியிருக்கிறார். எதற்காக அது கல்லை விழுங்குகிறது? உன் பழைய புத்தகங்களில் தேடிப் பார்த்து எழுது.

வளமை, செழிப்பு என்று இரண்டு சொல்லில் இந்த விலங்குகளுக்கு அர்த்தம் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த மானைச் செய்தவன் அதைக் கைதியின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறான். தோற்றவன் யார், வென்றவன் யார் என்பதுதான் அவன் பேச்சு.

பொங்கலுக்கு முன் ஊர் திரும்பிவிடுவோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்