பார்சலில் வைக்காத பல்பொடி

காட்பாடி

அன்புள்ள மகள் மலருக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் கவின் நலமும் அறிய ஆவல். நம் தெருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பும் பையனிடம் கொடுத்தனுப்பும் இந்தப் பார்சலில் நீ உன் அம்மாவிடம் கேட்டவை எல்லாம் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. கவினுக்கென்று நீ கேட்டிருந்த, ஃபுளோரைடு இல்லாத அந்த மூலிகைப் பல்பொடியை நான்தான் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மறந்துவிட்டாள் என்று அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே. தம்பி வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. ஆயாவின் முழங்கால் முன்பு போலத்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது இந்தப் பொடிக்காகத்தான்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ‘அப்பா, நீங்கள் தண்ணீர் பார்த்தவர், பல் பார்த்தவர் இல்லை’ என்பாய். உண்மைதான். ஓய்வு பெறும்வரை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை அளந்துகொண்டிருந்தவன் நான். எடுத்துவைத்த தண்ணீரில் சிவப்புச் சாயக் கரைசலை விட்டால், ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சிவப்பு வெளிறும். வெளிறியதைக் கருவியில் பார்த்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஏட்டில் எழுதுவோம். 1 வரை ஏற்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டில் வகுத்துள்ள தரம். நாட்றம்பள்ளிக்கு அப்பால், உன் ஆயா வீட்டுத் தெருமுனை அடிபம்பிலிருந்து நானே பிடித்துக் கொண்டுவந்த தண்ணீரில் 3க்கு மேல் இருந்தது. அப்போது உனக்கு ஒன்பது வயது. முன்பற்கள் முளைத்து, அவற்றில் பழுப்புக் கோடுகளும் விழுந்திருந்தன.

ஆகவே ஃபுளோரைடு என்றதும் முகம் சுளிக்க நம் வீட்டில் வேறு யாரையும்விட உனக்குத்தான் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கிணறு வற்றிப் போனதால் பாறையைத் துளைத்துப் போர் போட்டார்கள். அந்தப் பாறையில் இருந்தது தண்ணீரில் கரைந்து வந்தது. பக்கத்தில் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் கொண்டுவந்து 2013இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதே இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த வருஷங்களில் நீ ஏன் ஆயா வீட்டில் வளர்ந்தாய் என்பது உனக்கே தெரியும். அங்கே உன்னோடு படித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே பல்தான் என்பதால் உனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வேலூரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாய். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மாள் கேட்டதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. அந்தப் பெண்தான் இன்று அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னால் நின்று பேசி வேலை வாங்குகிறாள் என்று நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. நான் பெருமைப்படுவது உனக்குத் தெரிந்தால் போதாதா என்று அம்மா கேட்கிறாள். தெரியுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

இருந்தாலும், மலர், உன் பல்லில் விழுந்தது சொத்தை அன்று, கறை. இரண்டும் வேறு வேறு. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் பல் மருத்துவம் பார்க்கப் போன ஃபிரெடெரிக் மெக்கே, அவ்வூரார் பலரின் பற்களில் இதே பழுப்பைக் கண்டார். பிறகு, அந்தக் கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் அந்தக் கறைக்குக் காரணம் என்பது 1931இல்தான் உறுதியாயிற்று. கறை விழாமல், சொத்தையும் வராமல் இருக்கும் அளவைத் தேடி, 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் முதன்முதலாக அதைச் சேர்த்தார்கள். நம் பக்கமோ, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், தண்ணீரில் இருந்த மிகையான ஃபுளோரைடு எலும்பு வரை போய் ஆட்களை முடக்கியதை 1937இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நான் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் இந்த நெல்லூர்ப் பக்கத்தை மட்டும்தான் படித்தேன். மெக்கே பக்கம், என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தபோது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

கறை விழுவதற்கு ஒரு வயது இருக்கிறது. நிலைப்பற்கள் தாடைக்குள்ளேயே எனாமல் என்ற கெட்டியான மேலோட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில், பிறந்தது முதல் ஏறக்குறைய எட்டு வயது வரை, அளவுக்கு மீறி ஃபுளோரைடு வயிற்றுக்குள் போனால்தான் அது வரும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் முளைத்த பல்லில் புதிதாகக் கறை விழாது. சொத்தைக்கு அப்படி வயதில்லை, பால்பல்லுக்கும் வரும், என் வயதுக்கும் வரும். இனிப்பு வாயில் பட்டதும் பல்மேல் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் படியவைக்கிறது. அந்த நேரத்தில் பல்மேல் ஃபுளோரைடு இருந்தால், திரும்பப் படிவது முன்னைவிட உறுதியாக, அமிலத்துக்கு எளிதில் கரையாததாகப் படிகிறது. இதற்கு அது வயிற்றுக்குப் போக வேண்டியதில்லை, பல்மேல் பட்டால் போதும்.

தண்ணீரில் 1க்கு மேல் ஆகாது என்று சொல்லும் அப்பா, 1000 பிபிஎம், அதாவது கிராமுக்கு 1 மில்லிகிராம் இருக்கிற பற்பசையைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறாரே என்று நீ கேட்பாய். கணக்கைப் பார். தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கிறோம், அதிலேயே உலை வைக்கிறோம், பற்பசையைத் துப்பிவிடுகிறோம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான் தர வேண்டும். அரிசி அளவுப் பசை ஏறக்குறைய 0.1 கிராம், அதில் இருக்கும் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். குழந்தை அதை அப்படியே விழுங்கினாலும், தரமான தண்ணீரில் 100 மில்லி குடித்ததற்குச் சமம். பட்டாணி அளவு என்றால் ஒரு தம்ளர் தண்ணீர். நீ அந்த அடிபம்புத் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தாலே 3 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும், அதுவும் ஒவ்வொரு நாளும். விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை நெடுகப் பிதுக்கினால்தான் பிள்ளைக்கு ஆபத்து. பற்பசைக் குழாயைக் கவின் கைக்கு எட்டாமல் வை. பிதுக்குவது நீயாக இரு.

உங்கள் ஊர் அரசு 1950களிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடைச் சேர்த்துக் கொடுக்கிறது, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாக. அதை நீ ஆர்ஓ வைத்து வடிகட்டி எடுத்துவிட்டாய். பற்பசையிலும் ஃபுளோரைடு இல்லாததைத் தேடி, அதுவும் கிடைக்காமல் வேலூரிலிருந்து பொடி வரவழைக்கிறாய். பொடியில் கிராம்பும் இருக்கும், வேப்பம்பட்டையும் இருக்கும், வாய் மணக்கும். நான் குறை சொல்லவில்லை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லித் தேய்த்த காலத்தில் நம் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க பிஸ்கட்டும் பாட்டில் பாலும் இல்லை.

பாட்டில் என்று எழுதிவிட்டேன், இனி மறைத்துப் பயனில்லை. நீ வீடியோவில் பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. நெட் சரியில்லை என்கிறாய். சிங்கப்பூரில் நெட் சரியில்லையாம், காட்பாடியில் நன்றாக இருக்கிறதாம். கடைசியாகப் பார்த்தபோது கவின் கேமராவுக்கு மிக அருகில் வந்து சிரித்தான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும், ஈறை ஒட்டி, பழுப்பாக ஒரு கோடு ஓடியது. ஒரு பல்லின் ஓரம் கரைந்து மெலிந்திருந்தது. உடனே நீ போனைத் திருப்பிக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவன் பல்லிலும் உன் பல்லில் விழுந்ததே விழுந்துவிட்டது என்று நீ பயந்துபோய்த்தான் ஃபுளோரைடை அடியோடு ஒழிக்கக் கிளம்பியிருக்கிறாய் என்று நான் நினைக்கிறேன். அது அப்படி இருக்க முடியாது. ஃபுளோரைடால் வரும் குறை, பல் முளைக்கும்போதே அதன் முகத்தில் எழுதப்பட்டு வரும், பழுப்பு பிறகு ஏறினாலும். கவினுடைய பற்கள் பழுதில்லாமல் முளைத்தன, நம்மிடம் படங்கள் இருக்கின்றன. முளைத்த பிறகு ஈறோரத்தில் தொடங்குவது பாட்டில் பாலால் வரும் சொத்தை. அவன் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவான் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், மேல்பல்லில் பால் தங்கிவிடும், கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். அதனால்தான் மேல்வரிசை மட்டும் போகிறது. இவ்வளவு படித்த பெண், அவனைப் பகல் வெளிச்சத்தில் படுக்கவைத்து உதட்டைத் தூக்கி ஒரு முறை பார்த்திருக்கக் கூடாதா?

முதலில் அவனை மருத்துவரிடம் கொண்டுபோ. ஈறோரத்தில் வெள்ளைக் கோடாக இருக்கும் இடத்தை ஃபுளோரைடு வார்னிஷ் பூசியே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். பழுப்பாகிக் குழிந்த இடத்தை அடைக்க வேண்டியிருக்கலாம். வார்னிஷைத் தூரிகையால் தடவுவார்கள், வலிக்காது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூசினால் போதும். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று உன் மாமியார் சொன்னால் கேட்காதே. கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை சீழ் பிடித்தால் அடியில் இருக்கும் நிலைப்பல்லுக்கும் கேடு. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும்; அதைப் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறவர்களே அதிகம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் குழிகளில் அப்போதே பூச்சு வைக்கச் சொல்.

இரவு பாட்டிலை நிறுத்து. ஒரே நாளில் முடியாவிட்டால் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடு. இரவில் துலக்கிய பிறகு வேறொன்றும் தராதே. துலக்கியபின் துப்பட்டும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், பசையின் பலன் கழுவிப் போய்விடும். ஏழெட்டு வயது வரை நீயோ மாப்பிள்ளையோ துலக்கிவிட வேண்டும், அவன் கையில் கொடுத்துவிட்டால் போதாது. பாட்டிலை நிறுத்து என்பதை மறுபடியும் எழுதுகிறேன். அம்மா ஆற்காட்டு மக்கன் பேடா வைத்திருக்கிறாள். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே முறையில் கொடுத்துவிடு. நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால்தான் கேடு, அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு.

உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் கறையைப் பற்றி உனக்கு வருத்தம் இருந்தால் இப்போது மேலோட்டமாகத் தேய்த்தும், மேலே பூசியும் சரிசெய்கிறார்கள். செய்துகொள், வேண்டாம் என்றால் விடு, அது உன் இஷ்டம். ஆனால் கறைக்குப் பயந்து நீ ஃபுளோரைடுப் பசையை விட்டிருந்தால் அதில் அர்த்தமில்லை, உன் வயது எப்போதோ கடந்துவிட்டது. எங்கள் வயதில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கிடையாது, சீக்கிரம் சொத்தையாகும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையால் வாய் உலர்ந்துபோகிறது. அதற்குக் கல்கண்டை அடக்கிக்கொண்டு தூங்குகிறாள். சொன்னால் கேட்பதில்லை. பேரனுக்குப் பாட்டில் கூடாது என்று எழுதச் சொல்கிறாள், தன் வாயில் கல்கண்டு. இப்போது அவளுக்கு வீரியம் கூடிய ஃபுளோரைடுப் பசையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விடுமுறைக்கு வரும்போது ஆயா வீட்டில் தங்குவதானால் கவினுக்குக் கேன் தண்ணீர்தான். அடிபம்புத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். கூடாது, காய்ச்சினால் கிருமிதான் போகும், தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடு அடர்த்தி கூடும். அவனுக்கு எட்டு வயது ஆகும்வரை இதில் நான் உன் கட்சிதான்.

மருத்துவர் சொன்னதை எனக்கு எழுது, அல்லது வீடியோவில் கூப்பிடு. கல்கண்டைப் பற்றி நான் எழுதியதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா