வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: சுற்றிவரும் வீடியோ பற்றியும், இனி சர்வீஸ் நடக்கும் விதம் பற்றியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருக்கு அந்த வீடியோ வந்திருக்கும். மேசைமேல் நம் சின்ன ஏர் டிஸ்பென்சர், அதாவது சிரிஞ்சிலிருக்கும் பசையைக் காற்றழுத்தத்தால் புள்ளி புள்ளியாக விடும் மிஷின். ஆபரேட்டர் ஃபுட் சுவிட்சை மிதிக்க மிதிக்க ஊசி முனையிலிருந்து பசைப் புள்ளிகள் விழுகின்றன. முதல் வரிசையில் புள்ளிகள் நல்ல பருமன். கடைசி வரிசைக்கு வரும்போது அதில் பாதிகூட இல்லை. “இந்த மிஷின் அளவு பிடிக்காது, வாங்கி ஏமாறாதீர்கள்” என்கிறது பின்னால் ஒரு குரல். வீடியோவை எங்களுக்கே அனுப்பி விளக்கம் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டோம். கேட்காமல் மனசுக்குள் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இந்த மடல். கூடவே ஸ்பேர், சர்வீஸ் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீடியோவில் தெரிவது பொய் இல்லை. புள்ளி நிஜமாகவே சின்னதாகிறது. ஆனால் அதை வைத்து மிஷின் பழுது என்று சொல்வதுதான் எங்களுக்கு வருத்தம். ஏர் டிஸ்பென்சர் பசையை அளப்பதே இல்லை. அதன் கையில் இருப்பவை காற்றின் அழுத்தமும் நேரமும் மட்டும். இத்தனை அழுத்தத்தில் இத்தனை நேரம் சிரிஞ்சுக்குள் காற்றை விடு என்று நாம் செட் செய்கிறோம், அது அப்படியே விடுகிறது. சிரிஞ்சு நிறைய பசை இருக்கும்போது அதன் மேலே காலி இடம் கொஞ்சம்தான். வால்வு திறந்தவுடன் அந்த இடம் நிரம்பி அழுத்தம் ஏறிவிடும். பசை குறையக் குறையக் காலி இடம் பெரிதாகிறது. செட் செய்த நேரத்தில் ஒரு பகுதி அந்த இடத்தை நிரப்பவே போய்விடுகிறது, மிச்ச நேரத்தில்தான் பசை வெளியே வருகிறது. டைமர் ஒரு துளி பிசகாமல் ஓடினாலும் புள்ளி சின்னதாகும். இந்த வகையில் யார் செய்த மிஷினாக இருந்தாலும் இந்தக் குணம் உண்டு. 10 சிசி சிரிஞ்சில் அவ்வளவாகத் தெரியாது, 30 சிசியில் நன்றாகத் தெரியும்.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சிரிஞ்சு 30 சிசி. கன்ட்ரோலரிலிருந்து சிரிஞ்சுக்கு வரும் ஏர் டியூப் மேசைக்காலைப் பல சுற்றுச் சுற்றி வருகிறது. நாங்கள் கொடுப்பது குட்டையான டியூப். அதை மாற்றி நீளமாகப் போட்டால் அந்த டியூபுக்குள் இருக்கும் இடத்தையும் ஒவ்வொரு மிதிக்கும் காற்று நிரப்பியாக வேண்டும். இன்னொன்று, பசைக்கு மேலே உட்கார வேண்டிய வெள்ளை பிளாஸ்டிக் பிஸ்டனைக் காணோம். மிஷினோடு வந்த பாக்கெட்டில் அது இருக்கும், பலர் பேக்கிங் சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிஸ்டன் இல்லாவிட்டால் கெட்டியான பசையின் நடுவே காற்று ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கும். விளிம்பில் பசை அப்படியே ஒட்டி நிற்கும், ஊசியில் குமிழியோடு வரும். வீடியோவில் மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி ‘பட்’ என்று தெறிப்பது இதனால்தான்.

வீடியோ போட்டவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஜாப் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தால் யாருக்கும் மனசு பொறுக்காது. ஆனால் வீடியோ போடுவதற்கு முன்னால் ஒரு போன் செய்திருந்தால், டியூபைக் குறைத்து, பிஸ்டனைப் போட்டு, சிரிஞ்சை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று சொல்லியிருப்போம். அந்த வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

சரி, இதே சந்தேகம் வேறு விதமாகவும் சிலருக்கு இருக்கிறது. “காலையில் செட் செய்ததை யாரும் தொடவில்லை, மத்தியானம் புள்ளி பெரிதாகிவிட்டது” என்பார்கள். அது வெப்பத்தின் வேலை. சூடு ஏறினால் பசை இளகும். சில எபாக்ஸி பசைகள் 10 டிகிரி ஏறினாலே ஏறக்குறைய பாதிக் கெட்டித்தன்மைக்கு வந்துவிடும். ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த எபாக்ஸியோ நேர்மாறாகப் போகும். கலந்த நிமிடத்திலிருந்தே இறுகத் தொடங்கும். டப்பாவில் பாட் லைஃப் (கலந்த பிறகு பயன்படுத்தக்கூடிய நேரம்) 30 நிமிடம் என்று இருந்தால் 30 நிமிடம் வரை அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கெட்டித்தன்மை இரண்டு மடங்காக ஆகும் நேரத்தைத்தான் பல தயாரிப்பாளர்கள் அப்படிப் போடுகிறார்கள். ஆகவே ஒரே நாளில் ஒரு மேசையில் புள்ளி பெருத்தும் பக்கத்து மேசையில் சிறுத்தும் போகலாம், இரண்டு மிஷினுமே நல்ல மிஷினாக இருக்கலாம்.

ஊசி மாற்றுவதும் அப்படித்தான். 18ஆம் நம்பர் ஊசியின் உள்துளை சுமார் 0.84 மி.மீ. 22ஆம் நம்பர் சுமார் 0.41. துளை பாதியானால் பசையும் பாதி வரும் என்று தோன்றும். ஆனால் நீர்த்த பசையில் அழுத்தமும் ஊசியின் நீளமும் மாறாமல் இருந்தால் வருவது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான். ஸ்டோரில் இருந்த ஊசியைப் போட்டுவிட்டு மிஷின் உந்தவில்லை என்று சொல்லும்போது எங்களால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவில் வந்தே தீர வேண்டிய வேலை என்றால் அதற்கு ஸ்க்ரூ பம்ப் வைத்த மிஷினோ பிஸ்டன் மிஷினோதான் சரி. அது பசையின் கனஅளவையே அளந்து தள்ளுவதால் சிரிஞ்சில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதைப் பெரிதாகப் பாதிக்காது. மிஷின் விற்கும்போது இதை எல்லோரிடமும் சொல்லித்தான் விற்கிறோம். விலையைப் பார்த்துப் பலர் ஏர் மிஷினையே எடுக்கிறார்கள். அது தப்பான முடிவு இல்லை, பாதிக்குமேற்பட்ட வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவில் வரும் என்று அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் எங்கள் தலையில்தான் விழுந்தது. போல்ட் மரை பூட்டும் அனெரோபிக் பசைக்காக ஒருவர் எங்களிடம் மிஷின் வாங்கினார். அந்தப் பசை காற்று பட்டுக்கொண்டே இருக்கும்வரை திரவமாக இருக்கும். காற்று இல்லாமல் உலோகத்தைத் தொட்டால் இறுகிவிடும். அதனால்தான் அதன் பாட்டிலை எப்போதும் மேலே இடம்விட்டுக் குறைவாக நிரப்பி விற்கிறார்கள். அதனால்தான் நாங்களும் பசை போகும் வழி முழுவதும் பிளாஸ்டிக் டியூபும் பிளாஸ்டிக் இணைப்பும் போடுகிறோம். ஒரு இணைப்பு உடைந்ததும் அவர்கள் ஆள் “பிளாஸ்டிக் நிற்காது” என்று பித்தளையில் ஒன்றை மாட்டிவிட்டார். மறுநாள் லைன் முழுக்கக் கல். மிஷின் அடைத்துக்கொண்டது என்று புகார் வந்தது. போய் டியூபை அறுத்துப் பார்த்தால், பித்தளையைத் தொட்ட இடத்திலிருந்துதான் பசை இறுகிப் பரவியிருந்தது. பிளாஸ்டிக்கை நாங்கள் மலிவுக்காகப் போடவில்லை என்பதை அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரும் நேரிலேயே பார்த்தார்கள்.

இனி ஸ்பேர் விலை. சீல், ஓரிங், பம்ப் கியர், வால்வு ஊசி என்று நாங்கள் வெளியில் வாங்கும் எல்லாமே ஏறிவிட்டது. முடிந்தவரை பழைய விலையையே வைத்துப் பார்த்தோம், இனி முடியவில்லை. அதிலும் சீல் விலையைத்தான் அதிகம் கேட்கிறீர்கள். வெளியே கிடைக்கும் சாதா நைட்ரில் ரப்பர் ஓரிங் அதே அளவில்தான் இருக்கும், போட்டால் உட்காரவும் செய்யும். ஆனால் அசிட்டோன், எம்இகே கலந்த தின்னர் பட்டதும் ஊதிப்போய் ஸ்பிரே கன்னின் ஊசியையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ‘விட்டான்’ ரப்பர் நல்ல சரக்குதான், ஆனால் அந்த வகைத் தின்னரில் அதுவும் ஊதும். டெஃப்லான் தாங்கும், ஆனால் ரப்பர்போல மீண்டு வராது, உள்ளே ஸ்பிரிங் வைத்துத்தான் சீல் செய்ய வேண்டும். விலை வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. என்ன பசை, என்ன தின்னர் என்று சொல்லி சீல் கேளுங்கள். விலை குறைந்தது போதும் என்ற இடத்தில் விலை குறைந்ததையே தருவோம்.

அப்புறம், நம் மூத்த டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய நம்பரைத்தான் நேராக அழைப்பீர்கள். உருளை வைத்துப் பூசும் ரோலர் கோட்டர் மிஷினின் சத்தத்தைப் போனில் கேட்டே “பேரிங் போயிருக்கு, ரோலர் இடைவெளியைத் தொடாதீங்க” என்று சொல்லக்கூடியவர். அவருக்கு நல்ல வாய்ப்பு வந்தது, நல்லபடியாகவே வாழ்த்தி அனுப்பினோம். இங்கே சண்டை நடந்ததாகவும் சம்பளம் நின்றுபோனதாகவும் பேச்சு இருக்கிறது, அதில் உண்மை இல்லை. அவரிடம் தொழில் கற்ற இரண்டு பேர் இப்போது களத்தில் இருக்கிறார்கள். ஹாட் மெல்ட் (சூட்டில் உருக்கிப் பூசும் பசை) டேங்கைக் கரி இல்லாமல் சுத்தம் செய்வது, கலவை விகிதம் சரிபார்ப்பது, ஈரப் படலத்தைச் சீப்பு கேஜ் வைத்து அளந்து காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் நிற்கும் என்று கணக்குச் சொல்வது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வந்தால் பழையவரோடு ஒப்பிடாமல் வேலையைப் பார்த்துச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்த மிஷின்களுக்கு நேரில் வரும் சர்வீசுக்கு அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் உண்டு, வருவதற்குச் சில நாட்கள் ஆகலாம்.

அந்த இடைவெளியில் நீங்களே திறந்து பார்க்க நினைப்பீர்கள். பெரும்பாலானவற்றைத் தாராளமாகத் திறக்கலாம், போனிலேயே வழி சொல்கிறோம். ஏர்லெஸ் ஸ்பிரே, அதாவது காற்றைக் கலக்காமல் பெயின்டையே பெரிய அழுத்தத்தில் தள்ளித் தெளிக்கும் மிஷின் மட்டும் வேண்டாம். அதில் 3000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் நிற்கும், சில மாடல்களில் அதற்கு மேலும். மோட்டாரை அணைத்த பிறகும் ஹோசுக்குள் அழுத்தம் இருக்கும். பம்பை நிறுத்தி, டிரிகர் லாக் போட்டு, ரிலீஃப் வால்வைத் திறந்து, லாக்கை எடுத்துக் கன்னை ஒரு உலோக வாளிக்குள் அழுத்தி மிச்சத்தை வெளியேற்றி, மறுபடி லாக் போட்ட பிறகுதான் நாசில் பக்கமே கை போக வேண்டும். அடைப்பு இருந்தால் விரலால் துடைத்துப் பார்க்கவே கூடாது. பெயின்ட் தோலுக்குள் புகுந்துவிட்டால் வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ‘அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே ஏறிவிட்டது’ என்று சொல்லி, அந்தப் பெயின்ட் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புதிதாக ஆள் சேர்த்தால் மிஷினைக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இத்தனை வருடமும் நீங்கள் கூட இருந்ததால்தான் நாங்கள் நிற்கிறோம். முதல் மிஷின் வாங்கிய கையோடு அடுத்தவருக்கும் எங்களைச் சொன்னீர்கள். வேலை நின்ற நெருக்கடியிலும் பொறுமையாகப் பேசினீர்கள். ‘இந்த நாசிலில் இன்னும் கொஞ்சம் சரிவு இருந்தால் நன்றாக இருக்கும்’ என்று நீங்கள் சொன்னதை வைத்தே எத்தனையோ மாற்றங்கள் செய்திருக்கிறோம். இந்த வீடியோ வந்தபோதும் எங்களைக் கேட்காமலே எங்கள் சார்பில் பதில் எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

இனி புகார் அனுப்பும்போது வீடியோவோடு பசையின் பெயர், சிரிஞ்சின் அளவு, ஊசி நம்பர், அழுத்தம், நேரம், அறையின் வெப்பம் இவற்றையும் எழுதி அனுப்புங்கள். பசை டப்பாவின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பாதிப் பிரச்சினை அதைப் பார்த்த உடனேயே பிடிபட்டுவிடும், ஆள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்காது. பிளாஸ்டிக் பிஸ்டன் தொலைத்தவர்கள் சிரிஞ்சின் அளவை மட்டும் சொல்லுங்கள், காசு வேண்டாம், அனுப்பிவைக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
உரிமையாளர்