கொழும்பிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கட்டடத்தில் ஸ்லாப் போடும் வேலை நெருக்கடி. அறைக்கு வந்து படுத்தால் கண் சொக்கிவிடுகிறது. அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தாய். காலையில் பாணும் (நம்மூர் பிரெட்தான்) தேங்காய்ச் சம்பலும். மதியம் சோற்றுப் பார்சல்: சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், ஒரு துண்டு மீன். தேங்காய் போடாத கறியே இங்கே கிடையாது.

கம்பி வேலை எப்படி என்று அப்பாவைப் பார்த்தே உனக்குத் தெரியும். 12 மீட்டர் நீளத்தில் 16 எம்எம் கம்பி ஒன்று 19 கிலோ. அதைத் தோளில் ஏற்றிப் படியேற வேண்டும். எங்கள் பையன்கள் பாதிப் பேர் பிளேன்டீ என்கிற பாலில்லாத தேத்தண்ணீரும் ஒரு பணிஸும் (பன்தான்) விழுங்கிவிட்டு வேலையில் இறங்குகிறார்கள். மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பத்தான். பத்து மணியானால் கட்டுக்கம்பி முறுக்கும் கை தளர்ந்துவிடும், கொக்கி வழுக்கும், குனிந்தவன் நிமிர நேரமாகும். சோம்பேறி என்று திட்டு விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரி, கடும் உழைப்பாளிக்கு 3470 என்று 2020இல் நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரே கணக்குச் சொல்லியிருக்கிறது. அரை வயிற்றோடு வந்தவனிடம் முழு வேலை எங்கிருந்து வரும்? போன மாதம் மேஸ்திரி காலையில் எல்லாருக்கும் அவித்த கடலையும் பாணும் பருப்பும் கொடுத்தார். மதியம் வரை யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அண்ணன், தேயிலை மலையான ஹட்டன் ஊர்க்காரர், ஒரு மாதிரியான மனுஷன். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்க விடமாட்டார். கோப்பையைப் பிடுங்கி வைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தருவார். சாப்பாட்டு இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சேரவிடாதாம். அவருடைய அம்மா கொழுந்து பறித்தவர், சோகையில் வெளிறிப்போய் மலையேற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாராம். இந்த ஊர்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமே ஆராய்ந்து 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். இரும்புச்சத்து கொடுத்து ரத்தம் ஏறியவர்கள் ஒரே மாதத்தில் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். சோகை கடுமையாக இருந்தவர்களிடம்தான் மாற்றமும் அதிகம். அங்கன்வாடியில் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கித் தூக்கிப் போடுகிறவர்களிடம் இதைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலுக்குப் போவேன், பொழுது நன்றாகப் போகும். இறால் வடை சூடாகக் கிடைக்கும். ஆனாலும் அக்கா, அம்மா கரைத்து வைக்கும் கேப்பைக் கூழும் மோர் மிளகாயும் நினைவுக்கு வந்துவிட்டால் எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

அம்மா நூறு நாள் வேலைக்கு வெறும் வயிற்றோடு போகிறாளாமே, சித்தி போனில் சொன்னாள். விடாதே. பக்கத்தில் நின்று ஒரு சொம்பு கூழாவது குடிக்க வைத்து அனுப்பு. சின்னவளுக்கு ஆறாம் மாதம், மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு கொடு. அவளுக்குப் பால் வேண்டும், வெள்ளாட்டை விற்க வேண்டாம். வளைகாப்பை ஏழாம் மாதம் வைக்காமல் ஒன்பதில் வைத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுப் பார்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். ஓவர்டைமை அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறார்களாம், வேறொன்றுமில்லை. சொசைட்டி நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டு. கிழக்குக் காட்டை மாமா குத்தகைக்குக் கேட்டால் நான் வரும்வரை வாக்குக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் தம்பி