பெட்டிக்கு மேல் பெட்டி

பேர்கன், நோர்வே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கூரை வேலைக்கு ஆசாரியார் கிடைக்கவில்லை, பனஞ்சிலாகை விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தாய். கடைசியில், "அங்கே மரத்தாலே 14 மாடியாம், என்னைப் பேய்க்காட்டாதே" என்று ஒரு வரி. பேய்க்காட்டவில்லை. போன ஞாயிறு அதற்குள்ளே இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் அங்கே குடியிருக்கிறார்.

கட்டடத்தின் பெயர் ட்ரேட். 'மரம்' என்றுதான் பொருள். (கடைசி 'ட்' எழுத்தில் மட்டும், வாயில் வராது.) 2015இல் முடிந்தது, 62 வீடுகள், உயரம் 50 மீற்றருக்குக் கிட்ட.

இங்கே கட்டினார்கள் என்று சொல்வதே அரைவாசிப் பொய். எஸ்தோனியாவில் ஒரு தொழிற்சாலைக்குள், மழை படாமல், வீடுகளை மரப்பெட்டிகளாகச் செய்து, குசினி, குளியலறை எல்லாம் பொருத்திக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். இங்கே பாரந்தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் தன் சுவர், தன் தளம், தன் கூரை. அதனால் இரண்டு வீட்டுக்கு நடுவே இரட்டைச் சுவர். நான் காதை வைத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுச் சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆள் இல்லையோ தெரியாது.

ஆனால் பெட்டியை 14 தரம் அடுக்க முடியாது, அடியில் இருப்பது நசிந்துவிடும். நாலு மாடிக்குத்தான் அடுக்கு. ஐந்தாவது மாடியைச் சுற்றியுள்ள பெரிய மரச்சட்டத்தோடு பிணைத்து, அதன்மேல் புதிதாக நாலு. பத்தாவதிலும் அப்படியே. அந்தச் சட்டம், பலகைகளைப் பசை வைத்து அழுத்திச் செய்த தீராந்திகள். இரண்டு பக்கம் கண்ணாடி என்பதால் குறுக்கும் மறுக்குமாக அவை வெளியிலிருந்தே தெரியும். மற்றப் பக்கங்களில் தகடு. வருசத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் மரத்தை நனையவிட முடியுமா?

எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. மரவீடு என்று இவ்வளவு பெருமை பேசிவிட்டு, 5ஆம், 10ஆம் மாடிகளிலும் உச்சியிலும் கொங்கிறீட் போட்டிருக்கிறார்கள். மரம் பாரம் இல்லை, கடற்காற்றில் ஆடும். விழுந்துவிடாது, ஆனால் மேல்மாடிக்காரருக்குத் தலை சுற்றும். மிளகாய் காயப்போட்ட பாயின் மூலையில் அம்மா கல் வைப்பாரே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். இதை ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு நேர்மையாகத்தான் படுகிறது.

நெருப்பைப் பற்றிக் கேட்டாய். இந்த ஊரின் நடுப்பகுதியே 1916இல் எரிந்தது, அவர்களுக்கும் பயம் இருக்கிறது. ஆனால் பெரிய விறகுக்குற்றியை அணைத்துப் பிளந்தால் உள்ளே பச்சையாக இருக்குமே? வெளியே கரி பிடிக்க, அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். நிமிடத்துக்கு 0.7 மில்லிமீற்றர் அளவில்தான் கரியும். அதைக் கணக்குப் பார்த்தே தடிப்பை வைக்கிறார்கள். தண்ணீர் தெளிப்பான்களும் உண்டு.

ஒரு கன மீற்றர் மரம் ஒரு தொன் அளவு காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்கிறார்கள். சரி, கட்டடம் நிற்கும் வரைக்கும், வெட்டிய இடத்தில் திரும்ப நட்டால். இங்கே காடு கிடக்கிறது, செய்கிறார்கள். நம் பக்கம் மரத்துக்குக் கப்பல் பிடிக்க வேண்டும், அப்புறம் கறையானுக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். ஆகவே நீயும் இப்படிக் கட்டு என்று சொல்ல வரவில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கூரையை ஆசாரியார் முதலில் முற்றத்து நிழலில், நிலத்திலேயே முழுதாகப் பொருத்திப் பார்த்தவர். ஒவ்வொரு மரத்திலும் உளியால் கோடு போட்டு, பிரித்து, ஒரே நாளில் மேலே ஏற்றிவிட்டார். நீ கொட்டிலில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தாய். அவருடைய மகன் இப்போது தொழில் செய்கிறாரா என்று விசாரித்துப் பார். மாரிக்கு முன் ஆள் கிடைத்தால் எழுது, சிலாகைக்குக் கொஞ்சக் காசு நான் அனுப்புகிறேன்.

மாமியைக் கேட்டதாகச் சொல்.

உன் வாங்குத் தோழன்