புத்தகயாவில் ‘ஜாலி’யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காசி-கயா யாத்திரைக் கட்டுரையில் ஒரு வரி: ‘பிண்டம் வைத்த கையோடு புத்தகயாவையும் பார்த்துவிடலாம், நம் கோயில் மாதிரிக் கெடுபிடி கிடையாது, ஜாலியாகச் சுற்றலாம்.’ எழுதியவர் உள்ளே போனாரா, இல்லை வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாரா?

2013 ஜூலையில் அங்கே குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியாததில்லை. செல்போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, சோதனை முடிந்துதான் உள்ளே போக முடியும். இதற்கு மேல் என்ன கெடுபிடி வேண்டும்?

ஜாலியாகச் சுற்றுவதையும் நேரில் பார்த்தவள் நான். மகாபோதி கோயிலைச் சுற்றி மரத்தடியில் திபெத்தியர்கள் பலகை போட்டு, உள்ளங்கை தேயாமலிருக்க உறை மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுகிறார்கள். ஒரு வயதான அம்மா அப்படி விழுந்து கிடக்கும்போதே எங்கள் குழுவில் ஒரு பெரியவர் பெர்முடாஸோடு பலகையைத் தாண்டிப் போகிறார், தாண்டிவிட்டு “கால் வைக்க இடமில்லையே” என்று சலித்துக்கொள்கிறார். இன்னொருவர் கண்மூடி உட்கார்ந்திருந்த பிக்குவின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, “சாமி, இங்க பாருங்க!” என்கிறார். போதி மரத்தின் இலை ஒன்று தானாக உதிராதா என்று காத்திருப்பவர்கள் நடுவே எங்கள் குழுவினர் எம்பிக் குதித்துப் பறிக்கப் பார்த்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அங்கேயும் வலமாகத்தான் சுற்ற வேண்டும், பிரதட்சிணம் தெரியாத ஊரிலிருந்தா போனோம்?

2016 ஜனவரியில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு வந்தபோது, ‘அரைக்கால் சட்டையோடு சாமி கும்பிடலாமா’ என்று பொங்கிய கடிதங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். புத்தர் என்றால் மட்டும் தோளும் முழங்காலும் தெரியலாம் போல. இலங்கைச் சுற்றுலாக் கட்டுரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி போஸ் கொடுக்கும் படத்தைப் போட்டதும் நீங்கள்தான். சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர்களுக்கு 2012இல் இலங்கையின் காலி நகர நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்ததைச் சுட்டிக்காட்டி அப்போதே எழுதினேன், பிரசுரமாகவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

இப்போதும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தோளையும் முழங்காலையும் மூடும் உடை, வெளியே செருப்பு, உள்ளே மெதுவான பேச்சு, வணங்குகிறவர்களின் குறுக்கே போகாதீர்கள் என்று அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். கட்டுரையாளர் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டவர்களுக்கு நாலு வரிக்கா இடம் இருக்காது?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்